மூடி தடதடக்கும் வரை

விளிம்பு நசுங்கிய அலுமினியப் பாத்திரம் அது. போடிக்கு அருகே மலையடிவாரத்தில் இருந்த சிறிய அரசு மருத்துவமனையின் வராந்தாவில், மண்ணெண்ணெய் அடுப்பின் மேல், வரிசையில் நிற்பவர்களுக்கு நேர் எதிரே இருக்கும். உள்ளே கண்ணாடிச் சிரிஞ்சுகளும் ஊசிகளும் கொதிக்கும். பின்னறையில் இருந்த அடுப்பை எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கொண்டுவந்தவர் தலைமை நர்ஸ்.

நான் அப்போது உள்ளூர்ச் செய்தியாளன். மேலதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே தலைகாட்டும் வெள்ளை விரிப்புகளையும் புதுக் குப்பைக்கூடைகளையும் நிறையப் பார்த்திருந்தேன். இதுவும் அந்த வகைதான் என்று நினைத்தேன். நர்ஸிடம் கேட்டதற்கு, "உள்ளறையில வச்சா, கொதிச்சுச்சா இல்லையான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். என்னைய எதுக்கு நம்பணும்?" என்றார். நல்ல பதில். தயார் செய்து வைத்த பதில் போலவும் இருந்தது. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கடி போய் வராந்தா பெஞ்சில் உட்காரத் தொடங்கினேன்.

என்னைவிடச் சந்தேகக்காரர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்கள், தராசு முள்ளைக் கண்ணால் பார்க்காமல் கூடையைக் கைவிடாதவர்கள். ஊசி போட்ட இடம் சீழ்கட்டி, தோட்டத்துக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள் அவர்களில் சிலர்.

மழை பிடித்திருந்த ஒரு மாலை. அப்படிச் சீழ்கட்டிய தழும்பு கையில் உள்ள ஒருத்தி, காய்ச்சலில் அனத்தும் பிள்ளையோடு வந்திருந்தாள். வெளியே மலையேறும் கடைசி ஜீப்பு. "ஏத்தா, லோடு ஏறிருச்சு. வர்றியா, இங்கனயே குடியிருக்கப் போறியா?" என்று டிரைவர் கத்தினார். நர்ஸும் அவசரத்தில் இருந்தார். முந்தைய ஆளுக்குப் போட்ட ஊசியைப் பாத்திரத்தில் போட்டார், கொதி அடங்கியது. அடுத்த கணமே இடுக்கியால் வேறோர் ஊசியை எடுத்து, "வெரசா கொண்டா புள்ளைய" என்றார்.

அவள் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாந்தாயி. காஞ்ச காய்க்குள்ள பச்சக் காயப் போட்டா மொத்தமும்ல பூசணம் பூக்கும்? திரும்பக் கொதிக்கட்டும்."

"ஜீப்பு போயிருமே?"

"போனாப் போகட்டும். எம்புள்ள கையில சீக்கட்டுனா அந்த டிரைவரா வந்து ஊதிவிடுவாரு?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. நர்ஸின் முகம் கறுத்தது. இப்போது திட்டு விழும், நாடகம் கலையும் என்று காத்திருந்தேன். அவர் இடுக்கியில் இருந்த ஊசியை மறுபடி தண்ணீரில் போட்டு மூடினார். ஜீப்பு கிளம்பிப் போயிற்று. மூடி தடதடத்து வெகுநேரம் ஆன பிறகே அவள் ஊசிக்குப் பிள்ளையின் கையை நீட்டினாள். அன்றிரவு அவள் வராந்தாவிலேயே படுத்தாள். காலையில் காய்ச்சல் இறங்கிப் பிள்ளை கஞ்சி குடித்தது.

அடுத்த முறை நான் போனபோது அடுப்பருகே இரண்டாவது பாத்திரம் இருந்தது, போட்ட ஊசிகளுக்கென்று தனியாக. எனக்காக வைத்ததோ என்ற ஐயத்தில் சில மாதம் கழித்தும் போனேன். இருந்தது. வரிசையில் யாரோ, "இன்னும் தடதடக்கலை நர்சம்மா" என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் இடுக்கியோடு காத்து நின்றார்.

சென்ற மாதம் எனக்கு ஊசி போட வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் உறையிட்ட ஊசிகள். திரைக்குப் பின்னால் இருந்து மருந்தேற்றிய சிரிஞ்சோடு வந்த இளம் நர்ஸிடம், உறையை என் கண்முன்னே பிரிக்கச் சொன்னேன். "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று சிரித்தார்.

"இல்லம்மா" என்றேன்.

புது உறை ஒன்றை எடுத்து வந்து என் எதிரிலேயே கிழித்தார். சரக்கென்று சின்ன ஒலி. அதைக் கேட்ட பிறகுதான் கையை நீட்டினேன்.