ஐந்து பேருக்கு அடித்த காற்று

டயரை நான் பார்த்துக்கொள்கிற மாதிரி எங்கள் ஓடைப்பட்டிப் பக்கம் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். எதிர்வீட்டுக்காரர் எனக்கு மச்சான் முறை. காலையில் நான் ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு டயர் இடுக்கில் மாட்டிய கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பதைப் பார்த்தால், "என்ன மாப்ள, பேன் பாக்குறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் வாயில் அடுத்து என்ன வருகிறது என்று கேட்பதற்காகவே நான் மெதுவாக எடுப்பேன். அன்றைக்கு என்னிடம் பேசுகிற முதல் ஆள் அவர்தான். பல நாள் கடைசி ஆளும் அவர்தான்.

வீட்டில் நான் மட்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் மகளுக்குப் பிரசவம் என்று என் மனைவி கோயம்புத்தூர் போனாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைக்குத் தலை நின்றதும் வந்துவிடுகிறேன் என்றாள். தலை நின்றது, தவழ்ந்தான், நடந்தான், இப்போது போனை எடுத்து என்னிடமே 'யாரு' என்று கேட்கிறான். திராட்சைப் பந்தலை விட்டுவிட்டு நான் அங்கே போய் உட்கார முடியாது. கவாத்துக்கும் மருந்தடிப்புக்கும் ஆள் நிற்க வேண்டும். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. இப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான். எப்போது வருவாய் என்று வெகு நாள் வரை அவளை நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

கார் அவள் சொல்லி வாங்கியது. முதல் இரண்டு வருடம் அது காலியாகப் போனதே கிடையாது. அவள், அவளுடைய அண்ணன், அண்ணி, மகள், நான். டிக்கியில் ஒரு வாழைத்தார். குமுளி மலையில் ஏறும்போது பின்பக்கம் அமுங்கிப் போக, "காத்தக் கூட்டி அடிங்க, எங்க அண்ணன் ஒருத்தரே ரெண்டு ஆளு கனம்" என்றாள். அண்ணனும் சிரித்தார். அன்றிலிருந்து நாலு டயருக்கும் முப்பது பவுண்டு காற்றுக்குப் பதில் முப்பத்தெட்டு. அவள் போன பிறகும் அந்தக் கணக்கை நான் மாற்றவில்லை. திடீரென்று எல்லோருமாக வந்து இறங்கினால் வண்டி தயாராக இருக்க வேண்டாமா?

மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, டயர் சூடேறும் முன்னால் காலையிலேயே போய்க் காற்றைப் பார்ப்பேன். வால்வு மூடி தொலைந்தால் அன்றைக்கே வேறு போடுவேன். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுவேன். மேற்கு வெயில் படுகிற சக்கரத்தில் சாக்கைத் தொங்கவிடுவேன். ஒரே இடத்தில் நிற்கிற டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் சின்னமனூர் வரை சும்மாவே ஓட்டிக்கொண்டு போவேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிறுத்தி ஒரு டீ குடிப்பேன். யாரைக் கூப்பிட வந்தீர்கள் என்று டீக்கடைக்காரர் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதில்லை.

போன ஆனி மாதம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறுக்கே வந்த ஆட்டுக்காக பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் ரோட்டோரத்தில் நின்றது. ஆடு தப்பித்தது. அப்படியே மெதுவாகச் சின்னமனூர் டயர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவினார்.

"அண்ணே, ஓரமெல்லாம் புதுசு கணக்கா இருக்கு. நடுவுலதான் மொட்டை. காத்து எம்புட்டு?"

சொன்னேன்.

"லோடு அடிக்கிறீகளா? எத்தன பேரு போவீக?"

"நான் மட்டுந்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மத்த காத்தெல்லாம் யாருக்கு?"

கேலியாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் தொழில் பேச ஆரம்பித்துவிட்டார். காற்று அதிகமானால் டயர் உப்பி நடுப்பகுதி மட்டும்தான் தரையில் படும், அது மட்டும்தான் தேயும், ஈரத்தில் பிடிக்காது என்றார். முப்பதுக்கு இறக்கினால் ஓரமும் உழைக்கும், ஐப்பசி மழை வரைக்கும் பார்த்து ஓட்டலாம், அதற்குமேல் நாலையும் மாற்றிவிட வேண்டும் என்றார். காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு வந்து, "எறக்கிரவா?" என்றார்.

ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு மனைவிக்குப் போன் போட்டேன். ஆட்டைச் சொன்னேன், வழுக்கியதைச் சொன்னேன். அடிபட்டதா என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு டயரைச் சொன்னேன். முப்பதுக்கு இறக்கச் சொல்கிறார், இறக்கட்டுமா என்றேன். இதற்கெல்லாமா என்னைக் கேட்பீர்கள் என்றாள்.

"நீங்கள்லாம் வந்தா அது பத்தாது. அதான் கேக்குறேன். எப்ப வருவ?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், சேர்த்தாலும் மத்தியானமே வந்துவிடுவான், அப்புறம் யாராவது வேண்டுமே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஏங்க, உங்க ஒருத்தருக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு வச்சுக்கங்க. வழுக்கி விழுந்துராதீக."

கடைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் ஒவ்வொரு வால்வாக அமுக்கிக்கொண்டு வந்தார். நாலையும் முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது வேகத்தடையில் வண்டி தூக்கிப் போடவே இல்லை. குழியில் இறங்கியும் முதுகில் அடி இல்லை. இத்தனை வருடத்தில் அந்த வண்டி இவ்வளவு மெத்தென்று ஓடி நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மழையில் அது ரோட்டைப் பிடித்துக்கொண்டுதான் போனது.