முட்டை வண்டிக்கு மட் டயர்

ரெமிஜியஸின் பிக்கப் வண்டி சேற்றில் இறங்க வேண்டிய அவசியமே கிடையாது. கும்பகோணத்து மொத்தக்கடையில் காலையில் முட்டை அட்டைகளை ஏற்றுவார். திருப்பனந்தாள், பந்தநல்லூர், மணல்மேடு என்று கடை கடையாக இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குச் சவேரியார்புரத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வழி முழுக்கத் தார் ரோடு. வீடு இருக்கும் தெருவுக்கும் சிமெண்ட் போட்டாகிவிட்டது. இருந்தும் நாலு சக்கரத்துக்கும், சேற்றில் ஓடுவதற்கென்றே செய்த மட் டயர் வாங்கி மாட்டினார். அதற்குக் காரணம் சேறு இல்லை, மச்சான்.

மச்சான் சவரிராஜ், மனைவி பாத்திமா மேரியின் அண்ணன். போன மழைக்காலத்தில் ஃபாதர் வந்து ஜெபித்து மந்திரித்த அவருடைய புதுவீட்டு விசேஷத்துக்குப் போனபோது, தெருவில் இடமில்லாமல் ரெமிஜியஸ் பக்கத்துத் தரிசில் வண்டியை நிறுத்தினார். சாப்பிட்டுவிட்டு வந்து கிளப்பினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, பட்டு வேட்டியோடு இறங்கித் தள்ளினார். சேறு அவர் மேல் வந்ததே தவிர வண்டி வரவில்லை. கடைசியில் சவரிராஜ் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டினார்.

“மாப்ள, நீங்க உள்ள உக்காருங்க. ஸ்டியரிங்க மட்டும் புடிச்சுக்குங்க, அது போதும்” என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் ரெமிஜியசுக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலமே அந்தக் காட்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பின்னணியில் யாரோ மாதா பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள்.

அன்றிலிருந்து ரெமிஜியஸ் போனில் டயர் வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தார். எந்த நாட்டிலோ எந்தக் காட்டிலோ, தாடி வைத்த ஆட்கள் இடுப்பளவு சேற்றுக்குள் வண்டியை விட்டு வெளியே எடுத்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்றிலும் முட்டை இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

கும்பகோணத்தில் வாப்பாவுக்குப் பிறகு டயர் கடையை நடத்திவருபவர் ஹஃப்ஸா. ரெமிஜியஸ் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“முட்டை வண்டிக்கா?”

“மழைக்காலம் வருதுல்லம்மா.”

“அண்ணே, இந்தப் பட்டன், மேல துருத்திட்டு நிக்குதே ரப்பர் கட்டை, அது சேத்துக்குன்னே செஞ்சது. தார் ரோட்ல தினம் ஓட்டுனா சத்தம் போடும், டீசல் குடிக்கும், சீக்கிரம் தேஞ்சும் போயிடும். உங்க லைனுக்கு சாதா டயரே நல்லாருக்கும்.”

கடைக்காரரே வேண்டாம் என்று சொல்கிற பொருளில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்று ரெமிஜியசுக்குத் தோன்றியது. வாங்கிவிட்டார்.

மாட்டியதும் வண்டி ஒரு பிடி உயர்ந்து நின்றது. அவரும் உயர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லை தாண்டி வேகம் பிடித்ததும் அடியிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. தேனீக் கூட்டம் துரத்துவது போல இருந்தது. ரேடியோ கேட்கவில்லை. போன் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பத் தோள்பட்டை வலித்தது. முதல் வாரத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தாமதமாகப் போனார். கோயிலுக்குள் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அவர் வண்டி வரும் சத்தம் கேட்டு ஃபாதர் நிறுத்தினார். வண்டி நின்ற பிறகும் கொஞ்சம் காத்திருந்தார். ரெமிஜியஸ் தலையைக் குனிந்தபடி உள்ளே நுழைந்ததும், “சரி, தொடர்வோம்” என்றார். ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அதைவிடப் பெரிய தொல்லை முட்டை. ஊளையோடு சேர்ந்து ஓர் அதிர்வும் இருந்தது. மணல்மேடு போய்ச் சேர்வதற்குள் அட்டைக்கு இரண்டோ மூன்றோ கீறல் விட்டுவிடும். கீறல் முட்டையைக் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். அதெல்லாம் வீட்டுக்கு வந்தது. காலையில் முட்டை தோசை, மதியம் முட்டைக் குழம்பு, ராத்திரி பொடிமாஸ். கல்லூரிக்குப் போகும் மகள் லின்சி, “அப்பா, என் டிபன் பாக்ஸத் தொறந்தாலே பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்க” என்றாள்.

பாத்திமா மேரி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டார். பிறகு, “ஏங்க, அந்த டயர் என்னைக்குத்தான் வேலைக்கு வரும்?” என்று மட்டும் கேட்டார்.

“மழை வரட்டும். அப்பப் பாரு.”

ஐப்பசி வந்தது. தூறியது, நின்றது. கார்த்திகையும் அப்படியே கழிந்தது. தினம் காலையில் எழுந்து வானத்தைப் பார்க்கும் ஆட்களில் ரெமிஜியசும் ஒருவரானார். விவசாயிகள் பயிருக்காகப் பார்த்தார்கள், இவர் டயருக்காகப் பார்த்தார். போகிற கடையெல்லாம், “ஒரு மழை வரட்டும், என் வண்டி எங்க போகுதுன்னு காட்டுறேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பந்தநல்லூர்ப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் காத்தாயி இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே முட்டையை எண்ணி வாங்குவார்.

மழை வந்தது. தை மாதம், அறுவடை நேரத்தில் வந்தது.

அன்று காலை காத்தாயியின் கடை பாதிதான் திறந்திருந்தது. முட்டைகளை அவர் எண்ணவில்லை. அவரும் புருஷன் ரெத்தினமும் முன்பு பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிப் பயிர் வைக்கிறார்கள். முந்தின நாள்தான் மெஷின் விட்டு அறுத்து, நெல்லை மூட்டையாகக் கட்டி வயல் நடுவே மேடான திடலில் அடுக்கியிருந்தார்கள். மேலே தார்ப்பாய் போட்டிருந்தது. அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

“டிராக்டர் ஒண்ணு கூடக் கெடைக்கலண்ணே. எல்லாம் வேற வேற வயல்ல நிக்குது. இன்னும் ஒரு மழை அடிச்சா அடிமூட்டை மொளைச்சிடும்” என்றார். பிறகு தயங்கி, “உங்க வண்டி சேத்துல போகும்னு சொல்லிட்டே இருப்பீங்களே” என்றார்.

ரெமிஜியஸ் வானத்தைப் பார்த்தார். இத்தனை நாள் இந்த மழைக்குத்தானே வாய் ஓயாமல் ஆசைப்பட்டார். அவர் ஆசைப்பட்டதால் மழை வரவில்லை என்பது தெரியும். ஆனாலும் காத்தாயியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிச்ச முட்டைகளைக் கடைக்குள் இறக்கி வைத்தார்.

“உங்க வீட்டுக்காரர வழி காட்டச் சொல்லுங்க தங்கச்சி.”

ரெத்தினம் வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தார் ரோட்டிலிருந்து களிமண் பாதையில் இறங்கி, வண்டி கொஞ்ச தூரம் கம்பீரமாகப் போனது. பிறகு நின்றது. பின்சக்கரம் சுற்றியது. பெரிய பட்டன் அல்லவா, பள்ளத்தையும் பெரிதாகவே தோண்டியது. காலி வண்டி, பின்னால் கனமே இல்லை. வீடியோவில் வரும் தாடிக்காரர்களைப் போல அவரும் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதித்துப் பார்த்தார். இன்னும் இறங்கியது.

“அண்ணே, மிதிக்காதீங்க” என்றார் ரெத்தினம்.

இருவரும் இறங்கி வைக்கோலை வாரிவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். காத்தாயியும் பக்கத்து வயல்காரர்கள் சிலரும் வந்து தள்ளினார்கள். வண்டி உறுமிக்கொண்டு திடலில் ஏறியது. மூட்டைகளை ஏற்றியதும் பின்பக்கம் அழுந்தியது. பிறகு நடந்ததை ரெமிஜியசாலேயே நம்ப முடியவில்லை. பட்டன் ஒவ்வொன்றும் மண்ணைக் கவ்விக் கவ்விப் பிடிக்க, வண்டி நிற்காமல், சாயாமல், சேற்றை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு தார் ரோட்டில் ஏறிவிட்டது. கண்ணாடியை இறக்கி வைத்திருந்ததால் அவர் முகத்திலும் அது வந்து அப்பியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அன்று பொழுது சாயும்வரை வயலுக்கும் நெல் கொள்முதல் நிலையத்துக்குமாக ஓட்டினார். காலியாக வரும்போது மாட்டும், தள்ளுவார்கள். லோடு ஏறியதும் போகும். கடைசி நடையில் மூட்டைகளோடு நிலையத்தை நெருங்கும்போது, வரிசையில் காத்திருந்த விவசாயிகள் அவரைக் கை காட்டிப் பேசிக்கொள்வது தெரிந்தது. ரெமிஜியஸ் முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். கொஞ்சம் வேகத்தோடு வந்து திரும்பினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

மழைத்தண்ணீர் ஓடும் வழவழப்பான தார் ரோடு. பட்டன் இடுக்கெல்லாம் களிமண். பிரேக்கை மிதித்தார். வண்டி கேட்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தார், அதையும் கேட்கவில்லை. அவசரமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு போய், சாலையோர ஓடையில் முன்சக்கரம் இரண்டையும் இறக்கிவைத்துவிட்டு நின்றது. நாள் முழுக்கச் சேற்றில் மிதந்த வண்டி, தார் ரோட்டில் விழுந்தது.

ரெமிஜியஸ் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“சேத்துல நல்லாத்தாண்ணே ஓட்டுனீங்க” என்றார் பக்கத்து சீட்டில் இருந்த ரெத்தினம்.

அந்த ஒரு சொல்லில் ரெமிஜியசுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரெத்தினமும் சிரித்தார். நிலையத்தின் சுமைப்பணியாளர்கள் ஓடிவந்து பார்த்தபோது, அடிபட்டு உள்ளே கிடப்பார்கள் என்று நினைத்த இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை ஒன்றுகூட நனையவில்லை. தோளில் ஏற்றி எடுத்துப் போனார்கள். பிறகு அத்தனை பேரும் வண்டியைப் பிடித்து, “ஏலேலோ” சொல்லித் தூக்கி ரோட்டில் வைத்தார்கள்.

நெல் இரண்டு வெயிலில் காய்ந்து, எடை போடப்பட்டது. காத்தாயி பழையபடி முட்டையை எண்ணி வாங்குகிறார். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டதுமே டீக்குப் பால் ஏற்றிவிடுகிறார்.

அடுத்த வாரமே ரெமிஜியஸ் ஹஃப்ஸாவின் கடைக்குப் போய்ச் சாதா டயர் போடச் சொன்னார். கேட்காமலேயே நடந்ததை முழுக்கச் சொன்னார். ஓடையில் இறங்கிய கட்டம் வந்தபோது முழங்கையை வெளியே வைத்த விதத்தை நடித்தும் காட்டினார். ஹஃப்ஸா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு செங்கல் சூளைக்காரர் அந்த டயர்களைக் கேட்டிருப்பதாகவும், அவருக்குப் பேசி முடித்துத் தருவதாகவும் சொன்னார்.

புது டயரில் திரும்பும்போது உலகமே அமைதியாக இருந்தது. ரேடியோ கேட்டது. ரோட்டோரத்தில் கொக்கு கத்துவது கேட்டது. சோழபுரம் தாண்டியதும், பின்சக்கரத்திலிருந்து கரகரவென்று இன்னொரு சத்தமும் கேட்டது. ரேடியோவை அணைத்துக் காது கொடுத்தார். சந்தேகமில்லை. பக்கத்தில் இருந்த மெக்கானிக் பகலவனின் பட்டறைக்குள் வண்டியை விட்டார்.

பகலவன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பேரிங் சுத்தமா போயிருக்கேண்ணே. இந்தச் சத்தம் எத்தன நாளா வருது?” என்று கேட்டார்.

ரெமிஜியஸ் தலையைச் சொறிந்தார்.

“அது எப்ப வந்துச்சுன்னு தெரியலப்பா. எனக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சு.”