அம்மாவின் லாகின்

என் அம்மா ஜோதிமணி அழித்ததாகச் சொல்லப்பட்ட தரவை அவர் அழிக்கவில்லை. அழித்தவன் சீனு. இது எங்கள் வீட்டுக்கும் சீனுவுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அம்மா இறந்த பிறகு, மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்று முடிவு செய்தேன். சீனுவின் வாயாலேயே தெரியவேண்டும் என்று.

அம்மா கர்நாடகத்து எல்லையோரம் உள்ள மார்டள்ளியில் பிறந்தவர். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், மைசூரில் பாலிடெக்னிக் சேர்ந்ததும் ஆங்கிலம். டிப்ளமோ முடித்த கையோடு பாச்சுவின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பாச்சுவின் முன்னோர் மேல்கோட்டைக்காரர்கள், அவர் வீட்டிலும் தமிழ்தான். அவர் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, மருந்து மொத்த வியாபாரிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்து விற்றார். அதன் தரவுத்தளம் முழுக்க அம்மா கட்டியது.

அப்பா அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அம்மாவின் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "வண்டிய ஓடவிட்டுக்கிட்டே ஸ்பேர் மாத்தறவ" என்பார். அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

ஆரம்பத்தில் நிரல் எழுத ஒரு திரை, தரவைப் பார்க்க வேறொரு திரை. பிறகு இரண்டும் ஒரே சாளரத்துக்குள் வந்தன. இடது ஓரத்தில் தரவுத்தள இணைப்புகள் வரிசையாக நிற்கும். ஒன்றைச் சொடுக்கினால் அட்டவணைகள் விரியும். நடுவில் நிரல். அங்கேயே ஒரு கட்டளை எழுதி ஓட்டினால் கீழே விடை வந்துவிடும். அம்மாவுக்கு இது பெரிய சுகம். அடுப்பும் அம்மியும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சுகத்தில் ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. வாடிக்கையாளரின் உண்மையான தரவுத்தளத்துக்குப் போகிற இணைப்பை அம்மா தன் பெயரில் அமைத்திருந்தார். அது புராஜெக்ட் கோப்போடு சேர்ந்தே எல்லோருடைய கணினிக்கும் போனது. அந்த ஆபீஸில் யார் சாளரத்தைத் திறந்தாலும், வாடிக்கையாளரின் சர்வருக்கு அவர் ஜோதிமணிதான். மாற்றவேண்டும் என்று அம்மா பலமுறை சொன்னார். ஒவ்வொரு கடைக்கும் போய் மாற்ற ஆள் இல்லை என்று பாச்சு தள்ளிப்போட்டார்.

சீனு மார்டள்ளிக்குப் பக்கத்து ஹனூர்க்காரன். அம்மாவை அக்கா என்று கூப்பிடுவான். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அம்மாதான். ரூம் கிடைக்கும்வரை எங்கள் ஹாலில் படுத்திருந்தான். நான் அவனை மாமா என்றேன். அவன் என்னை பாப்பா என்றான்.

அம்மா காய்ச்சலில் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள், சுசித்ரா என்பவரின் மருந்துக் கிடங்கிலிருந்து பாச்சுவுக்கு போன் வந்தது. சுசித்ராதான் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர். மண்டி மொஹல்லாவில் கிடங்கு. அவர்களுடைய மருந்துத் தொகுதிகளின், அதாவது பேட்ச்களின், விவரம் மொத்தமும் காணோம். எந்த மருந்து எப்போது காலாவதி, எந்தப் பெட்டி எங்கே, எதுவும் இல்லை. பில் போட முடியவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு போகவில்லை. டிஸ்க் நிறைந்து பேக்கப் நின்றிருந்ததையும் யாரும் கவனித்திருக்கவில்லை. சர்வரில் பார்த்தால், அழித்தவர் பெயர் ஜோதிமணி.

அன்று சாயங்காலமே சீனு எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் அடுக்களையில் இருந்தேன்.

"நான்தானுங்க்கா. எக்ஸ்பைரி ஆனதை மட்டும் எடுக்கலாம்னு எழுதுனேன். மேல் வரியை மட்டும் மவுஸ்ல இழுத்து ஓட்டிட்டேன். கண்டிஷன் கீழ் வரில இருந்துச்சு. கவனிக்கலீங்க்கா."

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். அந்தச் சாளரத்தில் எழுதியதில் ஒரு பகுதியை மட்டும் இழுத்து நீலமாக்கினால், அந்தப் பகுதி மட்டும்தான் ஓடும். 'இதை அழி' என்பது மேல் வரி. 'காலாவதியானவற்றை மட்டும்' என்பது கீழ் வரி. கீழ் வரி ஓடவில்லை.

"பாச்சு சார்ட்ட சொன்னியா?" என்றார் அம்மா.

"இப்பச் சொன்னா என்னைய வெளிய தள்ளிருவாருங்க்கா. இப்பத்தான் கல்யாணம் பண்ணிருக்கேன். உங்களைய ஒண்ணும் பண்ணமாட்டாரு. நீங்க இல்லாம அந்தக் கம்பெனி ஏதுங்க்கா? கொஞ்சம் ஆறட்டும், நானே சொல்லிர்றேன்."

அம்மா, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

அவன் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தது நான்.

மறுநாள் முதல் அம்மா காய்ச்சலோடு மண்டி மொஹல்லாவுக்குப் போனார். பழைய பில்களையும் அலமாரியில் இருந்த பெட்டிகளையும் பார்த்து, ஒவ்வொரு தொகுதியாக மறுபடி ஏற்றினார். கிடங்கு ஆட்கள் அவருக்கு நாற்காலி போடவில்லை. இந்தப் பெண்ணின் மேல் ஒரு கண் வையுங்கள், மறுபடி எதையாவது தொட்டுவிடப் போகிறாள் என்று சுசித்ரா கன்னடத்தில் அவர்களிடம் சொன்னது அம்மா காதிலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வேலை முடிந்ததும் பாச்சு அம்மாவைக் கூப்பிட்டார். உன்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி சுசித்ரா மேடம் கேட்கிறார், வேறு வழியில்லை என்றார். மற்ற வாடிக்கையாளர்களுக்கும் போன் செய்து, தப்பு செய்தவரை எடுத்துவிட்டோம், இனி பயமில்லை என்று சொன்னார். அம்மா வாயைத் திறக்கவில்லை. சீனு சொல்வான் என்று காத்திருந்தார். சீனு அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மைசூரில் இந்தத் தொழில் சின்னது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அம்மாவுக்கு வேறு கம்பெனி கிடைக்கவில்லை. ஒரு பள்ளியில் மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் அந்தப் பள்ளி வராந்தாவில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. ரத்த அழுத்தம் என்றார் மருத்துவர். நான் வேறு காரணம் வைத்திருக்கிறேன்.

காரியத்துக்கு சீனு வந்தான். "எனக்குத் தொழில் கத்துக்குடுத்த சாமி" என்று என் சித்திகளிடம் சொல்லி அழுதான். அப்போதும் அதைச் சொல்லவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

நானும் தரவுத்தள வேலைதான். கம்பெனிகளின் சாஃப்ட்வேரை வாங்கலாமா, தொடரலாமா என்று சோதித்துச் சொல்வது என் தொழில். பாச்சுவோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் வெளியாள் ஒருவரைக் கொண்டு சோதிக்க சுசித்ரா தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, நானே போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். ஜோதிமணியின் மகள் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

என் திட்டம் எளிமையானது. சுசித்ராவின் தரவுத்தளத்தை நகல் எடுத்தேன். அந்த நகலில் காலாவதியான தொகுதிகளை நீக்கிக் காட்டுமாறு, பாச்சு முன்னிலையில் சீனுவைக் கேட்பது. அவன் கை பழைய கை. வரியை இழுக்கும். மறுபடி எல்லாம் போகும். அப்போது நான் பேசுவேன்.

கிடங்கு மாடியில் நாங்கள் நால்வரும் கூடினோம். சுசித்ராவுக்குத் தமிழ் வராது என்பதால் எல்லாம் கன்னடத்தில். பாச்சு என்னைக் கண்டதும் தமிழுக்குத் தாவினார்.

"அடடே, நம்ம ஜோதிமணி பொண்ணு. பூங்குழலிதானே? அப்போ நம்ம ஆள்தான் எக்ஸாமினர். சீனு, நீ பாஸ் போ."

சுசித்ராவுக்கு ஜோதிமணி என்ற பெயர் மட்டும் புரிந்தது. "அந்த ஜோதிமணியா?" என்று பாச்சுவைக் கேட்டார். பாச்சு தலையாட்டினார். சுசித்ராவின் முகம் மாறியது. என்னை எதுவும் கேட்காமல் என் மடிக்கணினியைச் சந்தேகத்தோடு பார்த்தார். அம்மாவையும் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"சோதனை முடியட்டும், மேடம். பிறகு என்னைப் போகச் சொல்லுங்கள்" என்றேன்.

"ஆரம்பிக்கலாமா பாப்பா?" என்றான் சீனு.

"பூங்குழலி. நீங்க ஆரம்பிங்க சார்."

மாமா போய் சார் வந்ததை அவன் கவனித்தான்.

சாளரத்தைத் திறந்தான். இடது ஓரத்தில் இணைப்பு விரிந்தது. அட்டவணைகள் எல்லாம் அம்மா வைத்த பெயர்கள். வாடிக்கையாளர் பட்டியலின் முதல் வரியில் 'ஜடையன் மெடிக்கல்ஸ், மார்டள்ளி' என்று இருந்தது. அப்படியொரு கடை கிடையாது. ஜடையன் அம்மாவின் அப்பா. சோதனைக்காக அம்மா ஏற்றியது. அவர் போன பிறகும் யாருக்கும் எடுக்கத் தைரியம் வரவில்லை போலும்.

சீனு கட்டளையை எழுதினான். முதலில் அழிக்கவில்லை. அதே நிபந்தனையோடு எவையெல்லாம் வரும் என்று பட்டியலிட்டுப் பார்த்தான். அம்மா செய்வதைப் போலவே. பிறகு, பிழையானால் அழித்ததெல்லாம் திரும்ப வந்துவிடும்படி மேலே ஒரு வரி சேர்த்தான். அதுவும் அம்மாவிடம் கற்றது. மவுஸைத் தொடவே இல்லை. என் திட்டம் அங்கேயே உடைந்தது.

ஆனால் அவன் ஓட்டவில்லை.

விரல் விசைக்கு மேலே நின்றது. கீழே இறங்கவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அவன் நெற்றி நனைந்திருந்தது.

"என்னய்யா, ஒரு பட்டன் அழுத்த முகூர்த்தம் பார்க்கறயா?" என்றார் பாச்சு.

"இதை எங்க டீம்ல பசங்க பண்ணிருவாங்க சார். நான் டெலீட் ஓட்டறதில்ல."

"நீ ஓட்டறதில்லயா? நீதானே ஹெட்டு?"

"இது நகல்தான் சார்" என்றேன். "போனா ஒண்ணும் இல்ல. ஓட்டுங்க."

"வேண்டாம்."

"எப்பலேர்ந்து ஓட்டறதில்ல?"

அவன் என்னைப் பார்த்தான். காரியத்தன்று திரும்பாத முகம் இப்போது திரும்பியது.

"பாப்பா, வெளிய போய்ப் பேசலாம்."

"எங்கம்மா வெளிய போயாச்சு. நீங்க இங்கயே பேசுங்க. எப்பலேர்ந்து?"

பாச்சு சிரிப்பை நிறுத்தினார். தமிழ் புரியாத சுசித்ராகூட நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். சீனு திரையைப் பார்த்தபடி, காதில் விழுந்தும் விழாத குரலில் சொன்னான்.

"அக்கா இல்லீங்க சார். அன்னைக்கு நான்தான் ஓட்டுனேன். அக்கா பேர்ல இருந்த கனெக்‌ஷன். அக்காவுக்குத் தெரியும். சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டேன்."

பாச்சு கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"மேடத்துக்குப் புரியல" என்றேன். "கன்னடத்துல சொல்லுங்க."

"பாப்பா..."

"கன்னடத்துல."

"நானே மாடித்து, மேடம்" என்றான், செய்தது நான்தான் என்று. பிறகு முழுவதையும் சொன்னான். இழுத்த வரி, விட்ட வரி, காய்ச்சலில் இருந்த அம்மாவைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தது. சாப்பிட்டதை மட்டும் விட்டுவிட்டான். அதை நான் சேர்த்தேன்.

சுசித்ராவுக்குக் கோபம் பாச்சு மேல். அம்மா வீட்டில் இருந்த நாளில், எந்தக் கணினியிலிருந்து ஓடியது என்றுகூடப் பார்க்காமல் ஒரு பெயரைக் கொடுத்தீர்களே என்று கேட்டார். இந்த சாஃப்ட்வேரே வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். பாச்சு வெளுத்துப்போனார். சுசித்ரா போனால் அந்தக் கம்பெனி நிற்காது. ஒரு வரி அறிக்கை எழுதினால் போதும், எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அந்த வரியை எழுத எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அந்தத் திரையில் இருந்தது அம்மாவின் வேலை. நான் சோதித்தவரை அதில் குறையில்லை. அதைக் குப்பையில் போட்டால் சீனு ஆரம்பித்ததை நான் முடித்ததாகும்.

"தரவுத்தளம் நன்றாக இருக்கிறது. தொடரலாம்" என்று சுசித்ராவிடம் சொன்னேன். "இரண்டு நிபந்தனைகள். இந்த ஆள் இனி இதைத் தொடக்கூடாது. எழுத மட்டுமல்ல, பார்க்கவும் கூடாது. அடுத்தது, அன்றைக்கு பாச்சு சார் யாருக்கெல்லாம் போன் செய்து என் அம்மாவை எடுத்துவிட்டதாகச் சொன்னாரோ, அத்தனை கடைக்கும் சீனு நேரில் போய் இப்போது சொன்னதைச் சொல்லவேண்டும். நானும் கூட வருவேன்."

பாச்சு உடனே சரி என்றார். அம்மாவை அனுப்பும்போதும் இவ்வளவு சீக்கிரம்தான் சரி என்றிருப்பார்.

அம்மா போன பிறகு ஆளுக்கொரு பயனர் பெயர் வந்திருந்தது. சுசித்ராவின் சம்மதத்தோடு சீனுவின் பயனர் பெயரை அங்கேயே, அவன் கண்முன்னால் நீக்கினேன். நீக்கவா என்று சாளரம் கேட்டது. நீக்கினேன். இடது ஓரத்தில் விரிந்திருந்ததெல்லாம் அவன் திரையில் மூடிக்கொண்டது.

"என்ற பொழப்பே இதுதான் பாப்பா" என்றான்.

"எங்கம்மாவுக்கும் இதுதான் பொழப்பு."

சுசித்ரா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கிடங்கு ஆட்களிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். சரி என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் சீனுவின் மனைவி மோகனப்ரியா போன் செய்தார். நல்ல பெண். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் காலில் விழுந்து எழுந்தவர்.

"அவரு சாப்பிடவே இல்ல குழலி. கடை கடையாப் போய்ச் சொல்லச் சொன்னா மனுசன் உசுரோட இருப்பாரா? உங்கம்மா இருந்தா இப்படிப் பண்ணுவாங்களா சொல்லு."

"பண்ணமாட்டாங்க அத்தை."

"அப்பறம்?"

"அவங்க இல்லையே."

அவர் அழுதார். நான் போனை வைக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவராக வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

நஞ்சன்கூட்டுக் கடை முடிந்தது. அங்கே கடைக்காரர் சீனுவை உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொல்லட்டும் என்றேன். நின்றுகொண்டே சொன்னான். திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அவன் தலை ஆடிக்கொண்டே வந்தது. மெலிந்திருந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த கடை வியாழக்கிழமை, ஹுன்சூரில். காலை முதல் பஸ்ஸுக்கே அவனை வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.