ஒன்பது மணிச் சத்தியம்

பழிவாங்குவது பாவம் என்பவர்கள் மிளகாய் நட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டம் கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே மணலில் கிடக்கிறது. கிணற்றில் மேலாக நிற்பதுதான் நல்ல தண்ணீர். அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். எங்களுக்கும் என் கணவரின் நானாவான மூத்த மச்சானுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். காலை ஒன்பது வரை அவருடைய முறை, பிறகு என்னுடையது. யுத்தம் முடிந்து கணவர் கத்தாருக்குப் போனபின் தோட்டம் என் தலையில் விழுந்தது. மச்சான் பத்தரைக்கு முன் மோட்டாரை நிறுத்தியதே இல்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "மணி பாக்கல்லியே மச்சி." கையில் கடிகாரம் மினுங்கும். அவர் மிச்சம் வைத்த உவரை நான் பாய்ச்சினேன். இலைகள் கருகி ஒரு பாத்தி முழுதும் செத்துப்போனது. வரம்பில் உட்கார்ந்து அழுதேன்.

பள்ளிவாசல் பெரியவர்களைக் கூப்பிட்டேன். அவர்கள் முன்னால் மச்சான் நெஞ்சில் கைவைத்து, அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டு, "வல்லாஹி, ஒம்பது மணிக்கு மோட்டர நானே நிப்பாட்டுவன்" என்றார். கணவருக்கு அனுப்ப அதைப் போனில் பதிந்துகொண்டேன். சத்தியம் நான்கு நாள் தாங்கியது.

ஐந்தாம் நாள், வியாழன் பின்னேரம், கணவர் கொண்டுவந்து தந்த கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தேன். குறித்த நேரத்துக்குக் குறித்த வேலையைச் செய்யச் சொல்லும் இடம் ஒன்று அதில் உண்டு. தினமும் என்று போட்டேன். நேரம் ஒன்பது. ஒலிக்க வேண்டியது மச்சானின் குரல். தூங்கிக் கிடந்தாலும் எழும்பி வேலையைச் செய் என்ற பெட்டியிலும் சரி போட்டேன். ஸ்பீக்கர் இரண்டையும் வேலியைப் பார்க்க ஜன்னலில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணியானது. ஒரு சத்தமும் இல்லை. பத்தானது, பதினொன்றானது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழை என்னுடையதுதான். கணவர் வேலை முடிந்து வரும் நேரம் தெரியட்டும் என்று கம்ப்யூட்டர் கடிகாரத்தைக் கத்தார் நேரத்திலேயே விட்டிருந்தேன். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இப்படி ஒரு கடிகாரம் இருக்கும். அங்கே ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை.

பதினொன்றரைக்கு ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்கு எங்கள் வேலியோரமாகப் போவார்கள். சத்தியத்துக்குச் சாட்சியான பெரியவர்களும் அன்று போய்க்கொண்டிருந்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது: "வல்லாஹி, ஒம்பது மணிக்கு மோட்டர நானே நிப்பாட்டுவன்!" மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார்.

ஒரு பெரியவர் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தொழப் போற நேரமாச்சு. உங்களுக்கு இன்னும் ஒம்பது ஆகல்லியா?" என்று கேட்டார். என் நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாளிலிருந்து ஒன்பதுக்கு மோட்டார் நின்றது. புதிதாக நட்ட மிளகாய் காய்த்தது. நான் குரலை எடுக்கவில்லை, கடிகாரத்தையும் திருத்தவில்லை. 'தினமும்' என்பதை 'வெள்ளி மட்டும்' என்று மாற்றினேன், அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து மச்சான் வேலியருகே வந்தார். "நான்தான் சரியா நிப்பாட்டுறனே மச்சி. இனி அத எடுத்துடுங்களன். பள்ளிக்குப் போக வெக்கமாயிருக்கு."

பாவமாகத்தான் இருந்தது. கருகிய பாத்தியும் நினைவுக்கு வந்தது.

"ஓம் மச்சான். வாற வெள்ளிக்குக் கேக்காது."

அடுத்த வெள்ளியும் கேட்டது. தொழுதுவிட்டு நேராக என் வாசலுக்கு வந்தார்.

"நாள் பாக்கல்லியே மச்சான்" என்றேன்.