ஒராள் போகிற கயாக்

உடுப்புக் கொடியிலிருந்து கிளிப்புகள் காணாமற்போகத் தொடங்கியபோதே நான் உசாராகியிருக்க வேண்டும். தோய்த்துப் போட்ட சட்டை வேலிக்கு அங்கால் பறந்து கிடக்கிறது. கிளிப்புகள் எல்லாம் விறாந்தையில் என் மனுசன் செய்துகொண்டிருந்த கயாக் என்கிற ஒடுங்கின வள்ளத்தைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. கேட்டால், "பசை காயுமட்டும் இறுக்கிப் பிடிக்க வேணும், நீர் உடுப்பை வேலியில போடுமன்" என்கிறார். அவர் முள்ளியவளையில் வயல்காரருக்குப் பிறந்து, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதை நான் கண்டதில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்த விசர் பிடித்தது.

மரக்காலையில் மலைவேம்பு வாங்கி, விரல் அகலத்தில் மெல்லிய சட்டங்களாகச் சீவுவித்துக் கொண்டுவந்தார். பலகையில் வெட்டிய அச்சுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் ஒவ்வொரு சட்டமாக வளைத்து, பக்கத்துச் சட்டத்தோடு ஒட்ட வேண்டும். கதிரைகள் எல்லாம் மாமரத்தடிக்குப் போயின. குசினி அலுமாரிக் கதவு கழன்று விழுந்து எத்தனை மாதம்! அதற்கு ஒரு ஆணி அடிக்க நேரமில்லாத மனுசன், பின்னேரம் முழுக்க அந்த மரத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்ப்பார். தேய்த்துவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலைப் பார்க்க எனக்கு வயிறு பற்றி எரியும். அதை அவர் "அது" என்று சொல்வதே இல்லை; ஒரு பொம்பிளையைச் சொல்வதுபோல "அவா"தான். "அவாவுக்கு வெயில் படுது, அந்தச் சாக்கை இழுத்து விடும்" என்பார். என்னைப் பற்றி வெளியில் யாரும் கேட்டால், "வீட்டில நிக்கிறா", அவ்வளவுதான்.

நான் கொக்கிளாயில், கடலோடு சேருகிற களப்புக் கரையில் வளர்ந்தவள். தோணி வலிக்கத் தெரிந்தவள். தண்ணீரைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டாரா? இல்லை. போனுக்குள் இருக்கிற யாரோ வெள்ளைக்காரனைக் கேட்டார். என்றாலும் மனதுக்குள் ஒரு ஆசை வைத்திருந்தேன். இது முடிந்ததும் இரண்டு பேரும் களப்பில் போவோம், நான் வளர்ந்த இடமெல்லாம் அவருக்குக் காட்டுவேன் என்று. மேல்தட்டில் அவர் இருக்கைக்கு வெட்டிய துவாரத்தைப் பார்த்த அன்றைக்கு அதுவும் போயிற்று. ஒன்றே ஒன்றுதான் வெட்டியிருந்தார்.

"மற்றது எங்க?"

"எது?"

"நான் இருக்கிற இடம்."

"இது ஒராள் போறதப்பா" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

குசினிக்குள் போய் நான் சட்டிபானை போட்ட சத்தம் சந்தி மட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மரத்தின் மேல் பைபர் துணி விரித்து, கண்ணாடி மாதிரி இறுகிப்போகிற ரெசின் பசையைப் பூச இருந்த நாள். அதற்கு மரம் துப்புரவாக இருக்க வேண்டுமாம். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு நான் கிட்டப் போனதற்கே "தொடாதையும்! தொடாதையும்!" என்று குழறியிருந்தார். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் வாசற்படி, மோட்டார் சைக்கிள், தையல் மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவள் நான். கயாக்குக்கு மட்டும் வேண்டுமென்றே வைக்கவில்லை. தண்ணீரில் இறக்குகிற அன்று, அவராக வந்து கேட்கட்டும், வைக்கிறேன் என்று இருந்தேன்.

மச்சாள் ஒருவரையும் கேட்கவில்லை. "என்ன தம்பி, புது வாகனம் பொட்டில்லாமல் கிடக்குது" என்று சொல்லிக்கொண்டே குங்குமத்தைக் குழைத்து, கயாக்கின் மூக்கில் அழுத்தி வைத்துவிட்டா. பூச்சில்லாத மரம் குங்குமத்தைக் குடித்துவிட்டது. அவர் தேய்க்கத் தேய்க்கச் சிவப்புப் பரவியது. நான் குசினி வாசலில் நின்று, இப்போது குழறுவார், இப்போது குழறுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பரவாயில்லை அக்கா, கிடக்கட்டும்" என்கிறார்! அதற்கு மேலேயே ரெசினைப் பூசினார். மச்சாளின் பொட்டை இனி யாராலும் அழிக்க முடியாது.

கொக்கிளாயில் இறக்கிய அன்று மச்சாளும் வந்திருந்தா. அவர் கேட்காமலே, பக்கத்தில் என் பொட்டையும் வைத்தேன். முழங்கால் தண்ணீருக்குத் தள்ளியதுமே அது வழுக்கிக் கழுவுப்பட்டுப் போயிற்று. மச்சாளுடையது பளபளவென்று நின்றது.

அவர் ஏறினார். கால் வைத்ததும் கயாக் ஒரு பக்கம் சரிய, தொப்பென்று தண்ணீரில் விழுந்தார். திரும்ப ஏறினார், திரும்பவும் விழுந்தார். "ஐயோ தம்பி, உனக்கு இது வேண்டாம்!" என்று மச்சாள் கரையில் நின்று கத்தினா. எனக்குச் சிரிப்பையும் அடக்க முடியவில்லை, கோபத்தையும் அடக்க முடியவில்லை.

"தள்ளுங்கோ அங்கால" என்றேன். நீளச் சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, விளிம்பைப் பிடித்து முதலில் உட்கார்ந்து, பிறகு காலை நீட்டினேன். துடுப்பை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

அவா நல்லாய் ஓடினா. அதுதான் இன்னும் எரிச்சல். துடுப்பை ஒருக்கா வலித்தால் எவ்வளவு தூரம், சத்தமே இல்லை. என்னையறியாமல் என் கை அந்த மரத்தைத் தடவியது, அவர் தடவுகிற மாதிரியே.

"கவனம்! கவனம்!" என்று பின்னால் அவர் கத்தினார். திரும்பிப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றார், தண்ணீருக்குப் பயந்த மனுசன். இத்தனை மாத எரிச்சலும் அந்த ஒரு சொல்லில் இறங்கிவிடும்போல இருந்தது. துடுப்பை நிறுத்தினேன்.

"அங்கால கல்லுக் கிடக்கும்! அவாவின்ர அடி உரஞ்சிப்போடும்!"

கல் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கமே திருப்பினேன்.