எமகண்டத்தில் ஒரு காது

கோயமுத்தூர் சிங்காநல்லூரிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். 2002 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எங்கள் மாருதி ஆம்னி கிளம்பிவிட்டது. ஓட்டியவர் என் வீட்டுக்காரர். பின்னால் நான், இரண்டு பிள்ளைகள், சீர்த்தட்டுகள், முழு வாழைத்தார் ஒன்று. வாழைத்தார் சொகுசாகப் படுத்துக்கொண்டு வந்தது. நான்தான் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய ஒரே தங்கை செல்வியின் மகள் அம்முவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது எங்கள் வழக்கம். என் மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செல்விக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இவர் ஒருவர்தான். மாமன் மடி காலியாக இருந்தால், 'கேட்க நாதியில்லாதவள்' என்ற பேச்சைப் புகுந்த வீட்டில் அவள் காலத்துக்கும் கேட்க வேண்டியிருக்கும். ஒரு வாரமாக மனுஷருக்கு இதே நினைப்பு.

பாலக்காட்டில் சாயாவும் பழம்பொரியும். திருச்சூர், அங்கமாலி, ஆலுவா என்று பெயர்ப் பலகைகளைப் பிள்ளைகள் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்கள். எர்ணாகுளம் தாண்டி, தோப்பும்படிப் பாலம் ஏறியதும் மீன்பிடித் துறைமுகத்தின் வாசம் வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளிக்கல் பக்கம் செல்வியின் வீட்டு வாசலில் நின்றோம்.

செல்வியின் கணவருக்கு மாநகராட்சியில் வேலை. தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். "முகூர்த்தம் பதினொன்றரைக்கு மேலதான், அண்ணா. பன்னெண்டு வரை உண்டு. அது கழிஞ்சா எமகண்டம்" என்றாள் செல்வி.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சீனவலை பார்த்தே ஆக வேண்டும். எனக்கும்தான், மறைப்பானேன்? "ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறோம், கண்ணு" என்று இவர் சாவியை எடுத்தார்.

கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் அந்த வலைகளைப் பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, வீட்டளவு வலை தண்ணீரிலிருந்து மெல்ல எழும்புகிறது. உள்ளே ஒரு கைப்பிடி மீன். என் மகள் கை தட்டினாள். நானும் தட்டினேன்.

திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் செய்திருந்த காரியம். நிழலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்து, வண்டி நிறுத்துமிடம் என்று இவரும் நிறுத்தியிருந்தார். உள்ளே ஏறியதும் வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், முன்னால் ஒருவர் கையசைத்தார், எங்கள் ஆம்னி சமர்த்தாக ஒரு இரும்புத் தட்டின் மேல் ஏறி நின்றது. பின்னால் சங்கிலி போட்டுவிட்டார்கள்.

"இது எங்கீங்க போகுது?" என்று கேட்டார் இவர்.

"ஜங்கார், சேட்டா. வைப்பினுக்கு."

ஜங்கார் என்றால் வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் படகு. வைப்பின் என்பது அக்கரைத் தீவு. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். எனக்கும் உள்ளூரக் குதூகலம்தான். காருக்குள் உட்கார்ந்தபடி கடல்வாயைக் கடப்பது யாருக்கு வாய்க்கும்? இவர் முகத்தைப் பார்த்துத்தான் அடக்கிக்கொண்டேன்.

அக்கரையில் திரும்பிவர லாரிகளின் நீண்ட வரிசை. இவர் இறங்கி ஓடி, ஜங்கார்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "காதுகுத்துங்க! நான்தானுங்க மாமன்!" என்றார்.

"அம்மாவனோ? என்னா வேகம் கேறிக்கோ!" என்று, மாமனென்றால் சீக்கிரம் ஏறச் சொல்லி, அந்த மனிதர் லாரிகளை ஒதுக்கி எங்களை முன்னால் விட்டார். எந்த லாரிக்காரரும் முணுமுணுக்கவில்லை. மாமனுக்கு இந்த ஊரிலும் அவ்வளவு மரியாதை!

அப்படியும், செல்வி வீட்டுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கூடத்தின் நடுவில் செல்வி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அம்மு விசும்பிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் மட்டும் தோடு.

"முகூர்த்தம் தப்பக்கூடாதுன்னு சொன்னாங்க. சரி, என் மடியில வெச்சு ஒரு காது குத்திக்கிட்டேன். மத்தது உனக்கு, அண்ணா."

"எமகண்டத்திலயா குத்தப் போற?" என்றாள் செல்வியின் நாத்தனார்.

"எங்கண்ணன் வந்த நேரம்தான் எனக்கு நல்ல நேரம்."

இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலி இன்னதென்று தெரிந்துபோன குழந்தையை இரண்டாவது முறை உட்கார வைப்பது லேசா? அம்மு உதைத்தாள், கத்தினாள். ஆசாரி ஊசியை வைத்த நொடியில் மாமன் கையை நறுக்கென்று கடித்தாள். பல் பதிந்தது. இவர் கையை இழுக்கவே இல்லை, சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

மாலையில் மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயண ஓவியங்களையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் அதை அடுத்த தடவைக்குத் தள்ளி வைத்தேன்.

புறப்படும்போது அம்மு, செல்வியின் இடுப்பிலிருந்தபடி வண்டி ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "மாமா, இனி மூக்கு குத்தும்போ நேரத்தே வரணும், கேட்டோ?" என்றாள்.

வாசலில் நாத்தனாரும் நின்றிருந்தாள். அவளுக்கும் சேர்த்துக் கேட்கும்படி, செல்வி உரக்கச் சொன்னாள்: "எங்கண்ணன் வராம பின்ன யாரு வருவா?"