பீபிக் வைக்காத கைரேகை

பொய்ச் சான்று எழுதியவள் நான். இன்னொருத்தியின் கைரேகை என்று சொல்லி, என் பெருவிரலையே அதில் பதித்தேன். யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்...

சுதந்திரம் வரப்போகிறதென்று மலாக்காவே பூரித்திருந்த காலம். காஜா பெராங் தெருவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பீபிக் தெய்வானை; வயதான பெண்களை அங்கே ‘பீபிக்’ என்றுதான் மரியாதையாக அழைப்போம். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டி இனத்தவள், மருத்துவச்சி. பேச்சு மலாய்தான், இடையிடையே தமிழ் தலைகாட்டும். மாலையில் அவள் சமையலறையிலிருந்து பாண்டான் இலையும் தேங்காய்ப்பாலும் கலந்து கொதிக்கும் மணம் வரும்... ஆகா! இன்றும் நெஞ்சு அந்தத் தெருவுக்கே ஓடுகிறது.

குடியுரிமைக்கு மனுச் செய்தேன். நான் பிறந்தது நாகப்பட்டினத்தில். இரண்டு வயதில் கப்பலில் வந்தவள். இங்கே வாழ்ந்த ஆண்டுகளைச் சொல்லியே கேட்டிருக்கலாம். ஆனால், ‘இங்கே பிறந்தவள்’ என்ற சொல்லின் மேல் எனக்கு ஆசை. என்ன ஆசை அது!

“நான் பொறந்தப்ப நீங்கதான் பாத்தீங்கன்னு ஒரு கடிதம் கொடுங்க, பீபிக்.”

“தா போலே, நாக்” என்றாள். முடியாது மகளே என்று பொருள். “உன் தம்பி, ஆமா, என் கை எடுத்துச்சு. நீ இல்லே. பிள்ளை பொறந்த விசயத்துலே நான் பொய் சொல்றதில்லே.”

நானே எழுதினேன். நானே மை தடவி விரலை வைத்தேன்.

பதிவு அலுவலக அதிகாரிக்குச் சந்தேகம். பீபிக்கை வரவழைத்து, தாளை அவள் முன் வைத்தார்.

“இது உங்கள் கைரேகையா?” என்று மலாயில் கேட்டார்.

தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம்? எனக்குத் தெரியாது... நான் தலை குனிந்து நின்றேன்.

“சாயா பூஞா, துவான்” என்றாள்.

என்னுடையதுதான் ஐயா என்றாள்!

மனு ஏற்கப்பட்டது. ஒரே ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம்.

மறுவாரம் பிரசவ வலியென்று ஒரு வீட்டார் ஓடிவந்தார்கள். “வேறே ஆள் கூப்பிடு” என்று அனுப்பிவிட்டாள். அதன்பின் எந்தக் குழந்தையையும் அவள் கை ஏந்தவில்லை. வயதாகிவிட்டது என்று தெருவில் சொன்னாள். காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

என்மேல் கோபப்பட்டிருக்கலாமே! ஒருநாளும் கோபப்படவில்லை. சுதந்திர நாளன்று வேலிக்கு மேலே பலகாரத் தட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அவள் இறந்த அன்று உடலருகே அழுதபோதும் ஏன் கேட்கவில்லை?

எங்கே பிறந்தீர்கள் என்று யாரேனும் கேட்டால், இன்றும் நான் தயங்காமல் சொல்கிறேன்...

மலாக்காவில் என்று.